மோதலுக்குப் பிறகு: காரை நாமே சரிசெய்வதா, பட்டறைக்கு அனுப்புவதா?

சிங்கப்பூரில் காரை இடித்துக்கொண்டவரின் மனம் முதலில் செலவைத்தான் கணக்கிடத் தொடங்குகிறது. பட்டறையில் பம்பரை மாற்ற எவ்வளவு கேட்பார்கள், அதே பம்பரை இணையத்தில் வாங்கி வீட்டுக்குக் கீழே உள்ள நிறுத்துமிடத்தில் வைத்து நாமே மாட்டினால் எவ்வளவு மிஞ்சும் என்று எண்ணுவது இயல்பு. பெரிய கார்களுக்கான சிஓஇ, அதாவது கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழின் கட்டணம் 2023 அக்டோபரில் 150,001 வெள்ளியை எட்டிய ஊரில், சாலை வரி, காப்புறுதி, இஆர்பி சாலைக்கட்டணம், நிறுத்துமிடக் கட்டணம் என்று மாதந்தோறும் கொடுத்துக்கொண்டே இருப்பவர், கையால் செய்யக்கூடிய ஒரு வேலைக்கு இன்னும் ஆயிரம் வெள்ளி கொடுக்கத் தயங்குவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆயினும் யார் சரிசெய்வது என்ற கேள்விக்கு முன்னால் வேறு இரண்டு கேள்விகள் நிற்கின்றன. இடியின் வேகம் எதுவரை உள்ளே போயிருக்கிறது என்பது ஒன்று. நடந்ததை உரியவர்களிடம் சொல்லியாகிவிட்டதா என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால், நம் கையா பட்டறையா என்பதில் பெரும்பாலும் குழப்பம் இருக்காது. பெயிண்டிலும் பிளாஸ்டிக் மேலுறையிலும் நின்றுவிட்ட சேதத்தைப் பொறுமையுள்ள எவரும் தாமே சரிசெய்யலாம். அதற்கு உள்ளே ஏதோ ஒன்று அசைந்திருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தாலே வண்டி பட்டறைக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திறமையுள்ளவர்களுக்கும் இது பொருந்தும். வீட்டில் எண்ணெய் மாற்றவும் பிரேக் பேட் மாற்றவும் தெரிந்தவருக்குக்கூட, மோதலில் வளைந்த ஒரு சட்டத்தை அளந்து பார்க்கும் கருவி வீட்டில் இருப்பதில்லை.

கை வைப்பதற்கு முன்

பொதுக் காப்புறுதிச் சங்கம் 2008 ஜூன் மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்த மோட்டார் இழப்பீட்டுக் கோரிக்கை நடைமுறையின்படி, விபத்து எவ்வளவு சிறியதாக இருந்தாலும், காரில் கீறலே விழாவிட்டாலும், அதை 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலைநாளுக்குள் நம் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். அந்த நிறுவனம் குறிப்பிடும் அறிவிப்பு நிலையத்துக்கோ அங்கீகரிக்கப்பட்ட பட்டறைக்கோ காரைக் கொண்டுபோய்க் காட்டி, இடம், நேரம், எதிர்த்தரப்பு வண்டியின் எண், படங்கள் ஆகியவற்றுடன் அறிக்கை கொடுத்துவிட வேண்டும். தவறினால் நமக்குரிய காப்புறுதிக் கழிவு, அதாவது கோரிக்கை வைக்காமலிருந்ததற்காகச் சந்தாவில் கிடைக்கும் தள்ளுபடி, குறையலாம். பின்னால் எழும் கோரிக்கையை நிறுவனம் ஏற்க மறுக்கவும் செய்யலாம்.

தாமே சரிசெய்ய நினைப்பவர்கள் பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுவதற்குக் காரணம், தெரிவித்தால் கழிவு போய்விடும் என்ற அச்சம். தெரிவிப்பது வேறு, இழப்பீடு கோருவது வேறு. அறிவிப்புக்காக மட்டும் கொடுக்கப்படும் அறிக்கையால் கழிவு குறைவதில்லை. நாமே இழப்பீடு கோரினாலோ, எதிர்த்தரப்பு நம் மீது கோரிக்கை வைத்து நம் நிறுவனம் பணம் கொடுக்க நேர்ந்தாலோ குறையும். இரு தரப்பும் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள முடிவுசெய்தாலும், அதற்கென்று சங்கம் தந்துள்ள தனிப்பட்ட தீர்வுப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு நிறுவனத்திடம் ஒரு படி கொடுத்துவிடுவதே பாதுகாப்பு. நிறுத்துமிடத்தில் கை குலுக்கிப் பிரிந்தவர் சில வாரங்கள் கழித்துக் கழுத்துவலி என்றோ பெரிய பட்டறைக் கட்டணம் என்றோ வந்து நிற்கும்போது, பம்பரைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்து முடித்துவிட்டவரிடம், இடி எவ்வளவு இலேசானது என்று காட்ட எந்தத் தடயமும் மிஞ்சியிருக்காது.

தவறு எதிர்த்தரப்பினுடையது என்றால் அவசரப்பட்டுக் காரைத் தொடாமலிருப்பது இன்னும் முக்கியம். உடற்காயம் இல்லாத வாகன விபத்துக் கோரிக்கைகளில், பழுதுபார்ப்பதற்கு முன் எதிர்த்தரப்பின் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவித்து, காரைப் பார்வையிட அவர்களுக்கு இரண்டு வேலைநாள் அவகாசம் தர வேண்டும் என்பது நீதிமன்ற நடைமுறை. அதற்குள் சனிக்கிழமை பிற்பகலில் நாமே கதவைத் தட்டி நேராக்கிவிட்டால், முழுமையாகக் கிடைத்திருக்க வேண்டிய இழப்பீட்டை நம் கையாலேயே குறைத்துக்கொள்கிறோம். இத்தகைய கோரிக்கை 3,000 வெள்ளிக்குக் குறைவாக இருந்தால், வழக்குத் தொடுப்பதற்கு முன் ஃபிட்ரெக் எனப்படும் நிதித்துறைப் பூசல் தீர்வு நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கேயும் பேசப்போவது படங்களும் மதிப்பீட்டாளரின் அறிக்கையும்தான்.

யாருக்கேனும் காயம் ஏற்பட்டிருந்தாலோ, பாதசாரியோ சைக்கிளோட்டியோ சம்பந்தப்பட்டிருந்தாலோ, அரசாங்கச் சொத்து சேதமடைந்திருந்தாலோ, எதிர்வண்டி வெளிநாட்டில் பதிவானதாக இருந்தாலோ, இடித்தவர் நிற்காமல் போயிருந்தாலோ காவல்துறையிடமும் புகார் செய்ய வேண்டும். விரைவுச்சாலையில் வண்டி நின்றுவிட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி அதை அருகிலுள்ள குறிப்பிட்ட நிறுத்துமிடம்வரை இலவசமாக இழுத்துச் செல்லும். அழைக்காமலே வந்து நின்று, தமக்குத் தெரிந்த பட்டறைக்கு இழுத்துப் போவதாகச் சொல்பவர்களிடம் சாவியைக் கொடுக்காமல், காப்புறுதி நிறுவனத்தின் அவசர எண்ணை அழைப்பதே முறை.

கழிவின் கணக்கு

நாமே செய்வது, சொந்தச் செலவில் பட்டறையில் செய்வது, காப்புறுதியில் கோரிச் செய்வது என்று வழிகள் மூன்றாக இருக்கும்போது, பலர் முதலாவதையும் மூன்றாவதையும் மட்டுமே ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நடுவில் இருக்கும் வழி பல வேளைகளில் மற்ற இரண்டையும்விடச் சிறந்தது என்பதைக் கணக்குப் போட்டால்தான் காண முடியும்.

என்சிடி எனப்படும் கோரிக்கையில்லாக் கழிவு, தனியார் கார்களுக்கு ஆண்டுக்குப் பத்து விழுக்காடாக வளர்ந்து ஐந்தாண்டில் 50 விழுக்காட்டை எட்டுகிறது. ஒரே ஒரு கோரிக்கை அதை 20 விழுக்காட்டுக்கு இறக்கிவிடும். 40 விழுக்காட்டில் இருப்பவர் 10க்கு இறங்குவார். 30 அல்லது அதற்கும் கீழே இருப்பவருக்கு ஒன்றுமே மிஞ்சாது. எடுத்துக்காட்டாக, கழிவுக்கு முந்தைய சந்தா ஆண்டுக்கு 2,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 50 விழுக்காட்டுக் கழிவில் 1,000 வெள்ளி கட்டிவந்தவர், ஒரு கோரிக்கைக்குப் பிறகு 1,600, அடுத்த ஆண்டு 1,400, அதற்கடுத்த ஆண்டு 1,200 என்று கட்டி, நான்காம் ஆண்டில்தான் பழைய இடத்துக்குத் திரும்புவார். அந்த மூன்றாண்டுகளில் கூடுதலாகப் போனது 1,200 வெள்ளி. இதனுடன் எக்ஸஸ் எனப்படும், ஒவ்வொரு கோரிக்கையிலும் நாம் முதலில் போட வேண்டிய தொகை 600 வெள்ளி என்றால், கோரிக்கையின் உண்மையான விலை 1,800 வெள்ளி. பட்டறை சொல்லும் தொகை இதற்குக் கீழே இருந்தால் காப்புறுதியைத் தொடாமல் கையிலிருந்து கட்டுவதே லாபம். மேலே போனால் கோருவது லாபம். உங்கள் சந்தா, உங்கள் எக்ஸஸ் ஆகியவற்றை இதில் பொருத்திப் பாருங்கள். கழிவுப் பாதுகாப்பைத் தனியாக வாங்கியிருப்பவர்களுக்கு விடை மாறும். தவறில் நம் பங்கு 20 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவு என்று முடிவானால் கழிவு பாதிக்கப்படுவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இந்தக் கணக்கை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கோரிக்கை வைத்தால் நட்டம் என்று தெரிந்ததும் பலர் நேராகத் தம் கையால் செய்வதற்குத் தாவிவிடுகிறார்கள். நானூறு, ஐந்நூறு வெள்ளியில் ஒரு சுயேச்சைப் பட்டறை ஒழுங்காக முடித்துத் தரக்கூடிய வேலைக்கு, ஸ்ப்ரே டப்பா, பிரைமர், மணல்தாள், மெருகுக் கருவி என்று பாதிப் பணத்தைச் செலவழித்து, நிறம் பொருந்தாத ஒரு கதவுடன் ஆண்டுக்கணக்கில் ஓட்டுவதில் மிச்சம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நம் கையில் நிற்கும் வேலைகள்

தொழிற்சாலையில் அடிக்கப்பட்ட பெயிண்டின் மொத்தத் தடிப்பு ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான், அதாவது நாம் எழுதும் தாள் அளவே. அதன் மேற்பகுதியில் ஏறத்தாழ 40, 50 மைக்ரான் அளவுக்கு நிறமற்ற கிளியர் கோட் இருக்கிறது. நகத்தை மெதுவாகக் குறுக்கே இழுத்துப் பாருங்கள்: நகம் சிக்காமல் வழுக்கிப் போனால் கீறல் கிளியர் கோட்டிலேயே நின்றிருக்க வாய்ப்பு அதிகம், மெருகுக் கலவையும் மைக்ரோஃபைபர் துணியும் போதும். பல நேரங்களில் கீறல் போலத் தெரிவது எதிர்வண்டியின் பெயிண்டோ தூணில் அடித்த மஞ்சள் பெயிண்டோ நம் வண்டிமேல் ஒட்டிக்கொண்டதாகவே இருக்கும். தேய்த்து எடுத்தால் அடியில் நம் பெயிண்ட் பழுதின்றி இருப்பதைக் காணலாம். ஒரேயடியாக அழுத்தித் தேய்த்தால் கிளியர் கோட்டே போய்விடும் என்பதால், சிறு பகுதியாக, இடையிடையே துடைத்துப் பார்த்தபடி செய்ய வேண்டும். வெயிலில் சூடேறிய உலோகத்தின் மேல் கலவை உடனே காய்ந்து கறை பிடிக்கும். காலை வேளையோ கூரையுள்ள இடமோ நல்லது.

நகம் சிக்கினாலும் கீறல் ஒல்லியாக, சில சென்டிமீட்டர் நீளத்தில் இருந்தால், டச்-அப் பேனாவால் நிரப்பலாம். கதவுத் தூணிலோ எஞ்சின் அறையிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள நிறக் குறியீட்டைப் பார்த்து வாங்க வேண்டும். வெள்ளை என்று கண்ணால் பார்த்து வாங்கினால் பொருந்தாது. அருகில் நின்று பார்த்தால் அந்த இடம் தெரியத்தான் செய்யும். அது அழகுக்காகச் செய்யும் வேலை என்பதைவிட, வெளியே தெரிந்த உலோகம் நம் ஊரின் ஈரக்காற்றில் துருப்பிடிக்காமல் காக்கச் செய்யும் வேலை என்று கருதினால் ஏமாற்றம் இராது.

பம்பரின் மேலுறை பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக். மடிப்பு விழாமல், வெடிக்காமல் உள்வாங்கிய பள்ளத்தின் மேல் கொதிக்கும் நிலைக்குச் சற்றுக் கீழே சூடாக்கிய நீரை ஊற்றிப் பின்புறத்திலிருந்து தள்ளினால், பல வேளைகளில் அது பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். கழன்ற கிளிப்புகள், உடைந்த பக்கக் கண்ணாடியின் மூடி, வளைந்த எண்தகடு ஆகியவற்றையும் நாமே மாற்றலாம். எண்தகட்டை மட்டும் தாமதிக்கக் கூடாது. எழுத்தின் அளவுக்கும் நிறத்துக்கும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதி இருப்பதால் எண்தகடு செய்யும் கடையில் கொடுத்துச் செய்துகொள்ள வேண்டும்.

வண்டியின் வயதையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். சிஓஇ முடிய ஓராண்டே இருந்து, புதுப்பிக்கும் எண்ணமும் இல்லாத காரின் பின்கதவில் விழுந்த பள்ளத்துக்கு அறுநூறு வெள்ளி செலவழிப்பது வீண். துருப்பிடிக்காமல் மூடிவிட்டு ஓட்டலாம். நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த காரைத் தனியார் வாடகை வாகனமாக ஓட்டுபவர்களுக்கோ தேர்வே இல்லை. வண்டி நிறுவனத்துக்குச் சொந்தம். ஒரு கிளிப்பைக்கூடத் தாமாக மாற்றாமல் அவர்களிடம் சொல்லிவிடுவதே ஒப்பந்தப்படி சரி.

மேலுறைக்கு உள்ளே

நிறுத்துமிடத்து மோதல்களில் நம்மை மிகவும் ஏமாற்றுவது பிளாஸ்டிக்கின் மீளும் தன்மை. பம்பர் என்று நாம் பார்ப்பது வெறும் தோற்றத்துக்கான மேலுறை. அதற்குப் பின்னால் இடியைத் தாங்கும் ஃபோம், அதற்குப் பின்னால் உலோக விட்டம், அதை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும், நசுங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட சிறு பெட்டிகள் என்று அடுக்கடுக்காக இருக்கின்றன. மேலுறை உள்வாங்கி, விட்டத்தை வளைத்துவிட்டு, மீண்டும் வெளியே வந்து ஒன்றும் நடக்காதது போல நிற்கும். அடுத்த முறை உண்மையான மோதல் வரும்போது, ஏற்கெனவே நசுங்கிய பெட்டிக்கு உறிஞ்ச வேண்டிய விசையை உறிஞ்சும் வலு இராது. வெந்நீர் ஊற்றிப் பள்ளத்தை எடுத்தவருக்குத் தாம் எதை மூடிவைத்தோம் என்பது அந்த நாளில்தான் தெரியவரும்.

ஆகவே மேலுறையைத் தொடுவதற்கு முன் சுற்றிப் பார்க்க வேண்டியவை உண்டு. கதவுகளையும் பின்மூடியையும் சுற்றியுள்ள இடைவெளி இருபுறமும் ஒரே அளவில் இருக்கிறதா? பின்மூடியை ஓங்கி அடித்தால்தான் பூட்டிக்கொள்கிறதா? பின்பெட்டியின் விரிப்பைத் தூக்கினால் தரைத்தகட்டில் சுருக்கம் தெரிகிறதா? முன்விளக்கு ஒன்று உள்ளே தள்ளியிருக்கிறதா? எஞ்சினுக்குக் கீழே பச்சை, சிவப்பு நிறத்தில் ஏதாவது சொட்டுகிறதா? நேராக ஓட்டும்போது ஸ்டீயரிங் சற்றுத் திரும்பியே நிற்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு விடை ஐயமாக இருந்தாலும் வண்டி பட்டறைக்குரியது. நடைபாதை விளிம்பில் சக்கரம் பலமாக மோதியிருந்தால், ரிம்மில் தெரியும் கீறலைவிடத் கண்ணுக்குத் தெரியாத, சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மும் அதைத் திருப்பும் டை ராடும்தான் கவலைக்குரியவை. வளைந்த டை ராடுடன் தீவு விரைவுச்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரில் போவதை நினைத்துப் பாருங்கள்.

இன்றைய கார்களின் கூண்டில் கதவுத் தூண் போன்ற இடங்களில் மிகுவலிமை எஃகு பயன்படுகிறது. அதைச் சூடாக்கி நேராக்கினால் வடிவம் திரும்பலாம், வலிமை திரும்பாது. அதனால்தான் நல்ல பட்டறைகள் தயாரிப்பாளரின் வழிகாட்டியைப் பார்த்து, சில பகுதிகளை நேராக்க மறுத்து, வெட்டி எடுத்துப் புதிதாக வைக்கின்றன. வண்டியை அளவுச்சட்டத்தில் ஏற்றி மில்லிமீட்டர் கணக்கில் சரிபார்க்கும் வசதி அவர்களிடம் இருக்கிறது.

உணர்கருவிகள் வந்த பிறகு இந்தப் பிரிவு இன்னும் கூர்மையாகிவிட்டது. பக்கத்துத் தடத்தில் வரும் வண்டியைக் காட்டும் ரேடார் பல கார்களில் பின்பம்பரின் மூலைகளுக்குள் இருக்கிறது. அதன்மேல் தடிப்பாகப் பூசப்படும் புட்டியும் அடுக்கடுக்கான மெட்டாலிக் பெயிண்டும் அலைகளைத் தடுக்கக்கூடும். முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவின் கோணம் ஒரே ஒரு பாகை பிசகினால், 50 மீட்டர் தூரத்தில் அதன் பார்வை ஏறத்தாழ 87 சென்டிமீட்டர் விலகிவிடும். பக்கத்துத் தடத்து வண்டியை நம் தடத்து வண்டி என்று எண்ண அது போதும். எச்சரிக்கை விளக்கு எரியாத வரையில் எல்லாம் சரி என்று நாம் நம்பியிருப்போம். கண்ணாடியோ பம்பரோ கழற்றப்பட்ட பிறகு தயாரிப்பாளர் சொல்லும் முறையில் அளவுதிருத்தம் செய்ய இலக்குப் பலகைகளும் கணினியும் சமதளமும் வேண்டும். அவை வீட்டில் கிடையாது.

காற்றுப்பை விரிந்த வண்டியைப் பற்றி வாதமே வேண்டாம். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மின்சக்தி சிறிது நேரம் தேங்கியிருக்கும். விரியாத மற்றொரு பை முகத்துக்கு நேரே விரிந்தால் உயிருக்கே ஆபத்து. இருக்கைவாரை இறுக்கும் கருவியும் அதே வகையைச் சேர்ந்தது. மின்கார்களில் தரைக்கு அடியில் நூற்றுக்கணக்கான வோல்ட் பேட்டரி இருக்கிறது. நம் சாலைகளில் மிகுதியாக ஓடும் ஹைப்ரிட் கார்களில் பலவற்றிலும் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். ஆரஞ்சு நிறக் கம்பி எங்கு தென்பட்டாலும் கையை எடுத்துவிட வேண்டும். சாலைக்கட்டண முறையான இஆர்பி 2.0க்காக வண்டிக்குள் பொருத்தப்பட்ட ஓபியு கருவி மோதலில் கழன்றிருந்தாலும் அதை நாமே இணைக்க முற்படாமல் அங்கீகரிக்கப்பட்ட நிலையத்திடம் கொடுக்க வேண்டும்.

இடம் எங்கே?

வேலை தெரிந்திருந்தாலும் அதைச் செய்ய இடம் வேண்டும். தனிவீட்டு முற்றம் உள்ளவர்கள் சிலரே. பெரும்பாலோர் அடுக்குமாடியில் வாழ்கிறோம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பலமாடி நிறுத்துமிடமும் கூட்டுரிமை வீட்டின் அடித்தளமும் வண்டி நிறுத்துவதற்காகக் கட்டப்பட்டவை. அங்கே ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றுவதும், ஸ்ப்ரே அடிப்பதும் பக்கத்து வண்டிக்காரருக்கும் நடந்துபோகும் பிள்ளைகளுக்கும் தொல்லை. காற்றில் மிதக்கும் பெயிண்ட் துகள் அடுத்த காரின் கண்ணாடியில் படிந்தால் அந்தச் செலவும் நம் தலையில்தான். துணியால் கீறலைத் துடைப்பதற்கு மேல் அங்கே எதையும் செய்யக் கூடாது.

தரையில் சிந்தும், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டும் எண்ணெயும் மழையோடு வடிகாலுக்குப் போகின்றன. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதால், வடிகாலில் விழுவது நாம் குடிக்கும் நீருக்கான நீர்த்தேக்கத்தை நோக்கித்தான் செல்கிறது. சட்டமும் அதைத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அப்படிச் செய்ய நமக்கு மனம் வரக் கூடாது. இருகலவைக் கிளியர் கோட்டில் உள்ள ஐசோசயனேட் வேதிப்பொருளால் ஆஸ்துமா வரக்கூடும். பட்டறைத் தொழிலாளர்கள் காற்றோட்ட அறையில், உரிய சுவாசக் கவசத்துடன் அடிக்கிறார்கள். மருந்துக்கடை முகக்கவசம் அதற்கு ஈடாகாது.

எந்தப் பட்டறை?

பட்டறை என்று முடிவுசெய்த பிறகும் தேர்வு முடிந்துவிடவில்லை. காப்புறுதி மூலம் செய்பவர்கள் முதலில் தம் திட்டத்தைப் பார்க்க வேண்டும்: நிறுவனத்தின் பட்டியலில் உள்ள பட்டறைகளில் மட்டும் செய்யும் திட்டத்துக்குச் சந்தா குறைவு, விரும்பிய பட்டறையில் செய்யும் திட்டத்துக்குக் கூடுதல். முதல் வகையை வாங்கிவிட்டுத் தெரிந்தவரின் பட்டறையில் வண்டியை விட்டால் கோரிக்கையே சிக்கலாகிவிடும்.

அதிகாரபூர்வ முகவரின் பட்டறையில் அசல் உதிரிபாகமும், அந்த வகைக் காருக்கான அளவுதிருத்தக் கருவியும் கிடைக்கும். கட்டணமும் காத்திருப்பும் அதிகம். சின் மிங், காக்கி புக்கிட், ஊபி வட்டாரங்களில் உள்ள சுயேச்சைப் பட்டறைகளில் தகடு தட்டுவதிலும் நிறம் சேர்ப்பதிலும் தேர்ந்த கைகள் இருக்கின்றன. பெயிண்ட் உடையாத பள்ளத்தைப் பின்புறமிருந்து கம்பியால் தள்ளியெடுக்கும் முறையும் அங்கே கிடைக்கிறது. பள்ளம் மட்டும் என்றால் முதலில் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும், ஏனெனில் தொழிற்சாலைப் பெயிண்டைக் காப்பாற்றும் வழி அது ஒன்றுதான். வெளிப் பட்டறையில் செய்தால் உத்தரவாதம் முழுவதும் போய்விடும் என்ற பழைய அச்சத்துக்கு இன்று அவ்வளவு அடிப்படை இல்லை. போட்டித்தன்மை ஆணையத்தின் தலையீட்டைத் தொடர்ந்து கார் விற்பனையாளர்கள் அத்தகைய கட்டுப்பாட்டை நீக்கியதாக 2017 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அந்தப் பட்டறையின் வேலையாலேயே ஏற்படும் பழுதை உத்தரவாதத்தில் கேட்க முடியாது என்பது வேறு விஷயம்.

மூன்று வயதுக்குட்பட்ட, மோதலில் உணர்கருவிகள் பாதிக்கப்பட்ட காருக்கு முகவரையே நான் தேர்ந்தெடுப்பேன். ஏழெட்டு ஆண்டு ஓடிய காரின் கதவுக்கும் பம்பருக்கும் நல்ல சுயேச்சைப் பட்டறை போதும்.

ஜோகூர் பாருவில் குறைந்த செலவில் முடித்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்களின் வாதத்தில் உண்மை இருக்கிறது. கூலி வேறுபாடு பெரியது. முழு வண்டிக்கும் பெயிண்ட் அடிப்பதுபோன்ற தோற்ற வேலைக்கு, நம்பிக்கையான இடம் தெரிந்தால் போகலாம். மோதிய வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சட்டம் வளைந்திருக்கக்கூடிய வண்டியில் பாலத்தைக் கடப்பதும், சிங்கப்பூரிலிருந்து கிளம்பும்போது தொட்டியில் முக்கால் பங்கு எரிபொருள் இருக்க வேண்டும் என்ற விதிக்கு உட்பட்டு மீண்டும் மீண்டும் போய்வருவதும், வேலை சரியில்லை என்றால் இன்னொரு நாட்டில் முறையிடுவதும் சேர்ந்து மிச்சத்தைத் தின்றுவிடும்.

பட்டறைக்காரரிடம் மொத்தத் தொகையாக ஒரு வரியில் மதிப்பீடு வாங்கக் கூடாது. எந்தப் பாகம் மாற்றப்படும், எது நேராக்கப்படும், உதிரிபாகம் அசலா, மாற்று நிறுவனத்துடையதா, பழைய வண்டியிலிருந்து எடுத்ததா, பெயிண்ட் பக்கத்துத் தகட்டிலும் கலந்து அடிக்கப்படுமா, அளவுதிருத்தம் சேர்ந்ததா என்பவை எழுத்தில் வர வேண்டும். மேலுறையைக் கழற்றிய பின் உள்ளே புதிய சேதம் தெரிவது சகஜம். அப்போது தொடர்வதற்கு முன் படத்துடன் நம்மிடம் கேட்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாற்றப்பட்ட பழைய பாகத்தைக் காட்டச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வண்டியை எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில், அதன் மேல் ஈரமில்லாதபோது பார்க்க வேண்டும். நிழலிலும் நீர்த்துளியிலும் நிற வேறுபாடு மறைந்துவிடும். அடுத்த கனமழைக்குப் பிறகு பின்பெட்டித் தரையையும் விளக்குகளின் உட்புறத்தையும் தடவிப் பாருங்கள், ஏனெனில் சரியாக மூடப்படாத இணைப்பு அன்றுதான் தெரியும். குறை இருந்தால் முதலில் பட்டறையிடம் எழுத்து மூலம் சொல்லித் திருத்த வாய்ப்புக் கொடுக்க வேண்டும். மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம்; அல்லது 20,000 வெள்ளிவரை, இரு தரப்பும் இசைந்தால் 30,000 வெள்ளிவரை, சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். அங்கே வழக்கறிஞர் தேவையில்லை. வரிவரியாக எழுதி வாங்கிய மதிப்பீடும், கட்டண ரசீதும், வண்டியைக் கொடுத்தபோதும் எடுத்தபோதும் பிடித்த படங்களும் வேண்டும்.